மாலை 4 மணிக்கு எடுத்த கார்ட்டிசால் அளவை வைத்து அட்ரினல் நோய் இல்லை என்று சொல்லலாமா?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன்; பின்னால் படிக்கிறவர்களுக்கு அது தேவைப்படும். குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒருவர் தம் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு வயது 41. ஆழ்கடல் விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர். ஒன்றரை ஆண்டாக உடல் மெலிந்து வருகிறது. காலையில் குமட்டல், அவ்வப்போது வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்று. படகில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிக்கிறார், கருவாட்டையும் உப்பு மாங்காயையும் வெறும் வாயில் தின்கிறார். நிறம் கறுத்துவிட்டது; கடல் வெயில் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சில மாதங்களாக முழங்கால்களை முழுதாக நீட்ட முடியவில்லை என்கிறார். நான்கு மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. எண்டோஸ்கோப்பி பார்த்து இரைப்பை அழற்சி என்றார்கள். பிறகு மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 8 என்று வந்ததால் தைராய்டு மாத்திரையும் தொடங்கினார்கள், அதன் பிறகு தளர்ச்சி கூடியிருக்கிறது. ஒரு பழைய ரிப்போர்ட்டில் சோடியம் 126, பொட்டாசியம் 5.7. இடையில் முதுகுவலிக்குப் பெயர் எழுதாத ஒரு பொடியும் சாப்பிட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய் இருந்தது. கடைசியாக மாலை 4 மணிக்கு எடுத்த கார்ட்டிசால் 6.1 என்று வந்து, எதிரே ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கிறது. “இனி அட்ரினல் இல்லை என்று விட்டுவிடலாமா, அல்லது எல்லாவற்றையும் சேர்த்து அட்ரினல் பேக்கேஜ் ஒன்று எடுத்துவிடலாமா?” என்பது அவர் கேட்டது.

பார்வைக்கு இது எந்த டெஸ்ட் எடுப்பது என்ற கேள்வி. உண்மையில் அவர் கேட்பது வேறு: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இத்தனை தொல்லைகளை ஒரே நோய் தர முடியுமா, முடியும் என்றால் ‘நார்மல்’ என்று அச்சான ஒரு எண் அந்த நோயை இல்லாமல் ஆக்கிவிடுமா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்பதே என் பதில். நாகர்கோவிலில் பல ஆண்டுகளாக நாளமில்லாச் சுரப்பி நோய்களைப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆளை நேரில் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரை முடிவாகச் சொல்ல என்னால் இயலாது. ஆனாலும் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும்: குறைந்த சோடியம், கூடிய பொட்டாசியம், மயக்கம், வாந்தி ஆகிய நான்கும் சேர்ந்த ஒருவரை அடுத்த படகுக்கு அனுப்பக் கூடாது. இந்த வாரத்துக்குள் அவரைப் பொது மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். மீண்டும் வாந்தியோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே, எந்த நேரமானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அட்ரினல் என்பது இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும், ஐந்து கிராம் அளவே எடையுள்ள சுரப்பி. அதன் வெளிப்பகுதி மூன்று வகை ஹார்மோன்களைச் சுரக்கிறது: உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசால், ஆண் தன்மை சார்ந்த ஹார்மோன்கள். உள்பகுதி அட்ரினலினையும் அதைச் சார்ந்தவற்றையும் சுரக்கிறது. கார்ட்டிசாலுக்கான உத்தரவு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோன் வழியாக வருகிறது. அட்ரினலே அழிந்துபோனால் கார்ட்டிசால் குறையும். அதை ஈடுகட்ட ஏசிடிஎச் பல மடங்கு ஏறும். அது தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுவதால் உடல் கறுக்கும். ஆல்டோஸ்டிரோனும் போய்விடுவதால் சோடியம் சிறுநீரில் ஒழுகும், பொட்டாசியம் தேங்கும், நாக்கு உப்பைத் தேடும். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-ல் 11 நோயாளிகளை வைத்து விவரித்தது இந்த நிலையைத்தான். அவர்களில் பலருக்குக் காரணமாக இருந்தது காசநோய். சுரப்பியின் வெளிப்பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்த பிறகே அறிகுறிகள் தெளிவாகத் தெரியும் என்பதால், நோயாளி மாதக்கணக்கில் நோயாளியாகவும் இல்லாமல் ஆரோக்கியமாகவும் இல்லாமல் அலைகிறார்.

நான்கு மருத்துவர்களுக்கும் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் பார்த்தது நோயின் ஒரு துண்டை. குமட்டலும் வயிற்றுவலியும் உள்ளவரை வயிற்று மருத்துவரிடம் அனுப்புவது இயல்பு. எண்டோஸ்கோப்பி செய்தால் நம்மில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஓர் அழற்சி தெரியத்தான் செய்யும். எதிலும் நாட்டமில்லாமல் படுத்தே கிடப்பவரைப் பார்த்தால் மனச்சோர்வு என்று நினைப்பதும் இயல்பே. கார்ட்டிசால் குறைவு மனத்தையும் அப்படித்தான் தளர்த்துகிறது. முழங்கால் மடங்கி நிற்பதை எலும்பு மருத்துவர் மூட்டில் தேடுவார். தொடைத் தசைகள் இறுகிக் கால் நீட்ட முடியாமல் போவது கார்ட்டிசால் குறைபாட்டில் அபூர்வமாகக் காணப்படுவதும், கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சரியாவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன; பொது மருத்துவத்தில் இருப்பவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைப் பார்க்காமல் இருக்கலாம். ஒரு விசித்திரமான அறிகுறியைத் துரத்திக்கொண்டு போனால் வழி தவறும் என்பதே என் அனுபவம். விசித்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதைச் சுற்றி வழக்கமான தடயங்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். உங்கள் அண்ணன் விஷயத்தில் அவை நிறையவே இருக்கின்றன: எடைக் குறைவு, உப்பாசை, நின்றால் தலைசுற்று, கருமை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சோடியமும் பொட்டாசியமும். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த இரண்டு எண்களைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன்.

கருமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் அது எளிதாகத் தப்பிவிடுகிறது. கடலில் தொழில் செய்கிறவர் கறுப்பாக இருப்பதை யாரும் நோயாக நினைப்பதில்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர் கறுத்தாலும் அப்படியே. வெயில் கறுக்க வைப்பது வெயில் படும் இடத்தை மட்டும். அதனால் வெயில் படாத இடத்தைப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையின் ரேகைகளை விரித்துப் பாருங்கள். விரல் முட்டிகளின் மேல், பெல்ட்டும் லுங்கி முடிச்சும் உராயும் இடுப்பில், அண்மையில் ஏற்பட்டு ஆறிய காயத் தழும்பில் பாருங்கள். மாநிறமும் கருநிறமும் உள்ள நமக்கு ஈறில் இயல்பாகவே நிறத் திட்டுகள் இருக்கக்கூடும் என்பதால் ஒருமுறை பார்த்துச் சொல்வது கடினம். அதற்கு நான் கையாளும் வழி பழைய படங்கள்: திருமணப் படம், ஆதார் அட்டைப் படம், மீனவர் அடையாள அட்டைப் படம். அவற்றைக் கொண்டுவந்து இன்றைய முகத்தோடு ஒப்பிட்டால், கூடவே இருப்பவர்களுக்குத் தெரியாத மாற்றம் தெரிந்துவிடும். கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிடுவதும் உதவும்.

இப்போது அந்த மாலை நேர எண்ணுக்கு வருகிறேன். கார்ட்டிசால் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்கு முன் ஏறத் தொடங்கி, எழுகிற நேரத்தை ஒட்டி உச்சத்தில் இருந்து, மாலையில் பாதிக்கும் கீழே இறங்கி, நள்ளிரவில் மிகக் குறைவாகும். மாலை 4 மணிக்கு 6.1 என்பது ஆரோக்கியமான ஒருவருக்கும் இருக்கலாம்; அட்ரினல் பெரும்பகுதி அழிந்த ஒருவருக்கும் இருக்கலாம். இருவரையும் பிரித்துக் காட்டாத எண்ணை ‘நார்மல்’ என்று படிப்பதில் பயனில்லை. காலை 8 மணி அளவில் எடுத்தால் அது பேசும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு அநேகமாக உறுதி. 15 முதல் 18-க்கு மேல் இருந்தால் குறைபாடு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இடைப்பட்டதை, கீழே சொல்லப்போகும் தூண்டல் பரிசோதனையை வைத்துத்தான் தீர்க்க முடியும். கடும் நோயில் கிடப்பவருக்கு இந்த எல்லைகள் பொருந்தா. வாந்தியும் தாழ்ந்த பிரஷருமாக வந்தவரின் கார்ட்டிசால் 10 என்றால் அதுவே சந்தேகத்துக்கு உரியது, அந்த நிலையில் உடல் அதைவிட வெகுவாகச் சுரந்திருக்க வேண்டும். அலகையும் பாருங்கள்: சில லேப்கள் லிட்டருக்கு நானோமோல் கணக்கில் தருகின்றன, மைக்ரோகிராம் எண்ணை 27.6-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும்.

ஆழ்கடல் தொழிலாளிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உடலின் நேரக் கணக்கு கடிகாரத்தைவிட உறக்கத்தையும் வெளிச்சத்தையும் சார்ந்தது. இரவெல்லாம் வலையிலும் தூண்டிலிலும் நின்று பகலில் உறங்கிப் பல வாரம் கழித்துக் கரையேறியவருக்கு, மறுநாள் காலை 8 மணி அவர் உடலுக்குக் காலையாக இருக்காது. நள்ளிரவு தாண்டி எழுந்து விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவருக்கும் உச்சம் முன்கூட்டியே வந்து போயிருக்கும். எனவே கரையில் குறைந்தது ஒரு வாரம் இரவு உறங்கி, காலை எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தம் கொடுப்பது நல்லது. எழுந்த நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இது நோயாளியின் நிலை நன்றாக இருக்கும்போது மட்டும் பொருந்தும்; உங்கள் அண்ணனுக்கு ஒரு வாரம் காத்திருப்பது சரியா என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். எனக்கு அந்தச் சோடியத்தை வைத்துப் பார்க்கையில் காத்திருக்க விருப்பமில்லை.

தூண்டல் பரிசோதனை என்பது ஏசிடிஎச் மருந்தை ஊசியாகப் போட்டு, சுரப்பி அதற்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. வழக்கமாக 250 மைக்ரோகிராம் போட்டு 30-ஆம் நிமிடத்திலும் 60-ஆம் நிமிடத்திலும் கார்ட்டிசால் எடுக்கிறார்கள். அந்தக் குறுகிய கால மருந்து நம் நாட்டில் எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. பல மருத்துவமனைகள் நீண்ட நேரம் வேலை செய்யும் ஏசிடிஎச் ஊசியைக் கொண்டு தமக்கென வகுத்த முறையில் செய்கின்றன. 18-க்கு மேல் ஏறினால் சுரப்பி நன்றாக இருக்கிறது என்பது நீண்ட காலமாக உள்ள எல்லை. புதிய கருவிகள் கார்ட்டிசாலை மட்டும் துல்லியமாகப் பிரித்து அளப்பதால் அவற்றுக்கு 14, 15 போதும் என்கிறார்கள். எந்தக் கருவிக்கு எந்த எல்லை என்பதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. ஆகவே 16 என்று வந்த ஓர் அறிக்கையை வைத்து இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அவர்களில் ஒருவர் தவறு என்று பொருளில்லை. இதோடு சேர்த்து இரத்தத்தில் ஏசிடிஎச் அளவையும் எடுக்க வேண்டும். அது எளிதில் சிதைந்துவிடும் ஹார்மோன். குளிர்ந்த குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, விரைவில் பிரித்து உறைய வைக்காவிட்டால் பொய்யாகக் குறைந்து காட்டும். கிராமத்துச் சேகரிப்பு மையத்தில் எடுத்து மாலை வண்டியில் நகரத்துக்கு அனுப்பப்படும் மாதிரியை நான் நம்புவதில்லை. இந்த ஒரு பரிசோதனைக்காகவாவது லேப் இருக்கும் மருத்துவமனைக்கே போய் இரத்தம் கொடுக்கச் சொல்கிறேன். கார்ட்டிசால் தாழ்ந்தும் ஏசிடிஎச் இயல்பின் மேல் எல்லையைப் போல் இரு மடங்குக்கு மேலும் இருந்தால் கோளாறு அட்ரினலில்தான்.

அந்தப் பெயரில்லாப் பொடியைப் பற்றிக் கேட்டாக வேண்டும். நம் மாவட்டத்தின் சித்த, வர்ம மருத்துவ மரபை நான் மதிக்கிறேன். முறையாகப் படித்து, தாம் கொடுப்பது என்ன என்று எழுதிக் கொடுக்கிற வைத்தியர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. லேபிள் இல்லாமல் கைமாறும் சில வலிப் பொடிகளில் டெக்ஸாமெத்தாசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கிவிடும். பொடியைத் திடீரென்று நிறுத்தினால் அதே தளர்ச்சியும் வாந்தியும் மயக்கமும் வரும். மூட்டில் போடும் ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், தேமலுக்கும் முகப் பொலிவுக்கும் என்று மாதக்கணக்கில் தடவும் வீரியமான களிம்பு ஆகியவையும் இதைச் செய்ய வல்லவை. பிரெட்னிசோலோன் பல கருவிகளில் கார்ட்டிசாலைப் போலவே தெரிந்து எண்ணைப் பொய்யாக உயர்த்தும்; டெக்ஸாமெத்தாசோன் கருவிக்குத் தெரியாமல் கார்ட்டிசாலைத் தாழ்த்தும். கருத்தடை மாத்திரை கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி மொத்த அளவை உயர்த்திக் காட்டும். முடி வளர்ச்சிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளைக் குழப்பும். ஸ்டீராய்டால் வந்த குறைபாட்டில் உடல் கறுக்காது, பொட்டாசியமும் ஏறாது. உங்கள் அண்ணனுக்கு இரண்டும் இருப்பதால் பொடி மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பொடியும் சேர்ந்து எண்களைக் குழப்பியிருக்கக்கூடும். மிச்சம் இருந்தால் எடுத்து வாருங்கள். சாப்பிட்டதை மறைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரைக்குப் பிறகு மோசமானது என்ற வரியும் என்னைக் கவனிக்க வைத்தது. கார்ட்டிசால் குறைவாக இருக்கும்போது டிஎஸ்எச் லேசாக ஏறுவது உண்டு. கார்ட்டிசாலை ஈடுகட்டினால் அதுவே இறங்கிவிடும். சிலருக்குத் தைராய்டு நோயும் அட்ரினல் நோயும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் ஒரே தன்னெதிர்ப்புக் காரணத்தால் சேர்ந்தே வரும். எதுவானாலும், இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசாலையும் தைராக்சின் என்ற அந்தத் தைராய்டு மாத்திரை வேகமாகச் செலவழிக்க வைப்பதால், ஸ்டீராய்டு கொடுக்காமல் அதை மட்டும் கொடுத்தால் நோயாளி கவிழ்ந்துவிடலாம். அந்த மாத்திரையைத் தொடர்வதா நிறுத்தி வைப்பதா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரை இன்றே கேளுங்கள்.

அட்ரினல் குறைபாடு உறுதியானால் அடுத்தது காரணம். மேலை நாடுகளில் தன்னெதிர்ப்பு நோய் முதலிடத்தில் இருக்கிறது; நம் நாட்டில் காசநோயும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் இன்னும் கணிசமாக இருக்கின்றன. வயிற்று சிடி ஸ்கேனில் இரண்டு சுரப்பிகளும் பெருத்தோ, பழையதானால் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்தோ தெரியலாம். நுரையீரல் படம் சுத்தமாக இருந்தாலும் அட்ரினலில் காசநோய் இருக்க முடியும். தேவைப்பட்டால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு முன் அட்ரினலினைச் சுரக்கும் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு. எச்ஐவி, இரத்தம் உறையும் கோளாறால் சுரப்பிக்குள் ஏற்படும் கசிவு, வேறிடத்துப் புற்றுநோய் பரவுதல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. சிறுவனாக இருந்தால் மிக நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைப் பார்க்காமல் விடக் கூடாது. மூளையின் வெண்பகுதியைத் தாக்கும் பரம்பரை நோய் ஒன்று முதலில் அட்ரினல் குறைபாடாகவே வெளிப்படலாம். காசநோய் என்று முடிவானால் ஓர் எச்சரிக்கை: ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கல்லீரலில் கார்ட்டிசாலை விரைவாகச் சிதைக்கிறது. குறைபாடு கண்டறியப்படாமல் காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளி திடீரென்று சாய்வதற்கு இது ஒரு காரணம். ஸ்டீராய்டு ஈட்டையும் அப்போது கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். கறுக்காமல், மாறாக வெளிறிப்போய் இதே தளர்ச்சி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோளாறு பிட்யூட்டரியில். ஆல்டோஸ்டிரோன் தப்பிவிடுவதால் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கும், சோடியம் மட்டும் குறையலாம். பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு, அதன் பின் தாய்ப்பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மயங்கி வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிவிரியன் கடித்து, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்து பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பிட்யூட்டரி செயலிழப்பது தென்னிந்தியாவிலும் மியான்மரிலும் நன்கு பதிவான ஒன்று. ரப்பர்த் தோட்டமும் வாழைத்தோட்டமும் நிறைந்த நம் ஊரில், உடல் ரோமம் உதிர்ந்து, ஆண்மை குறைந்து, ஓயாத அசதியோடு வருபவரிடம் “எப்போதாவது பாம்பு கடித்ததா?” என்று கேட்பது என் வழக்கம். பல நேரம் அவர்களே மறந்துபோயிருக்கிறார்கள்.

பேக்கேஜ் எடுத்துவிடலாமா என்றதற்கு: வேண்டாம். அட்ரினல் மிகுதியாகச் சுரப்பதால் வரும் நோய்கள் வேறு, அவற்றின் பரிசோதனைகளும் வேறு. சந்தேகிக்கக் காரணம் இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்தால் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டி நின்று இல்லாத நோயைக் காட்டும். கார்ட்டிசால் கூடினால் முகம் சிவந்து உருளும், எளிதில் கன்றிப்போகும், தொடை வலுவிழந்து தரையிலிருந்து எழ முடியாது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா வரிகள் வயிற்றில் விழும். குழந்தையானால் எடை ஏறிக்கொண்டே உயரம் நின்றுவிடும். அதற்கு இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தாசோன் கொடுத்து மறுநாள் காலைக் கார்ட்டிசால் 1.8-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; நள்ளிரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர் ஆகியவற்றில் இன்னொன்றும் ஒத்துவர வேண்டும். ஆல்டோஸ்டிரோன் கூடினால் மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷர், சிலருக்கு மட்டும் குறைந்த பொட்டாசியமும் கால் தளர்ச்சியும். இதற்கு ஆல்டோஸ்டிரோனுக்கும் அதைத் தூண்டும் ரெனினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறோம். உள்பகுதியில் கட்டி வந்தால் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் அலை அலையாக வந்து போகும். அதைப் பதற்ற நோய் என்று ஆண்டுக்கணக்கில் நடத்துவது உண்டு. பிரஷர் ஏறாமல், நிற்கும்போது இறங்குவதும்கூட அந்தக் கட்டியில் காணப்படும். மெட்டாநெப்ரின் என்ற சிதைபொருளை இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அளக்க வேண்டும். இரத்தத்தில் என்றால் அரைமணி நேரம் மல்லாந்து படுத்த பின். சில மனச்சோர்வு மாத்திரைகள் அந்த எண்ணையும் உயர்த்தும். உங்கள் அண்ணனுக்கு இந்த மூன்றுக்கும் உரிய அடையாளம் எதையும் நீங்கள் எழுதவில்லை.

இணையத்தில் ‘அட்ரினல் களைப்பு’ என்று சொல்லி உமிழ்நீர் டெஸ்ட்டும் சத்து மாத்திரையும் விற்கிறார்கள். மன உளைச்சலால் அட்ரினல் களைத்து அரைகுறையாகச் சுரக்கும் என்ற கருத்துக்கு ஆதாரம் இல்லை. உலகின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் அதை ஒரு நோயாக ஏற்கவில்லை. அப்படிச் சொல்லப்பட்டவர்களின் களைப்பு பொய்யல்ல. இரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். அந்த மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டே இருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஆக, நான் உறுதியாகச் சொல்வது: மாலை நேர 6.1 எதையும் விலக்கவில்லை. சோடியம், பொட்டாசியம் இரண்டையும் உடனே மறுபடி பார்க்க வேண்டும். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்க வேண்டும். அநேகமாக இருக்கும் என்று நினைப்பது: அட்ரினலே பழுதான குறைபாடு. காசநோய் காரணமா என்பது இப்போதைக்குச் சந்தேகம் மட்டுமே. அப்பாவுக்கு இருந்தது அதற்குச் சிறிய ஆதாரம், அதற்கு மேல் எதுவுமில்லை. முழங்கால் இதனோடு சேர்ந்ததா என்பது சிகிச்சைக்குப் பிறகே தெரியும். நீங்காவிட்டால் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் கட்டச் சோதனைகளை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். தூண்டல் பரிசோதனைக்கோ திசுப் பரிசோதனைக்கோ திருவனந்தபுரம் போக வேண்டிவந்தால் உங்கள் ஊரிலிருந்து அதுவும் பக்கந்தான். பழைய ரிப்போர்ட்டுகள், படங்கள், சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

இடையில் அவர் சாய்ந்துவிட்டால் பரிசோதனைக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. “அட்ரினல் குறைபாடு என்று சந்தேகம், சோடியம் 126” என்று அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கார்ட்டிசாலுக்கும் ஏசிடிஎச்சுக்கும் இரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் உப்பு நீர் டிரிப்பும் கொடுப்பது எங்கும் பின்பற்றப்படும் முறை. நோய் இல்லாவிட்டாலும் அந்த ஒரு ஊசியால் பெரிய தீங்கு வராது, நோய் இருந்து கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம். நோய் உறுதியாகி மாத்திரை தொடங்கிய பின் அவர் நன்றாகத் தேறுவார், தொழிலுக்கும் திரும்ப முடியும். ஆனால் கரையிலிருந்து பல நாள் தூரத்தில் வாந்தி வந்தால் மாத்திரை வயிற்றில் தங்காது. அதனால் காய்ச்சல் நாளில் மாத்திரையை இரட்டிப்பாக்கத் தெரிந்திருப்பதோடு, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி மருந்தையும் சிரிஞ்சையும் வெயில் படாத பெட்டியில் படகில் வைத்திருக்க வேண்டும். தொடையில் அதைப் போடுவது எப்படி என்று அவரும், கூடப் போகிறவர்களில் இரண்டு பேராவதும் மருத்துவமனையில் செவிலியரிடம் கற்றுக்கொண்டு, ஊசி போட்ட உடனே படகைக் கரைக்குத் திருப்பவோ கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குத் தகவல் சொல்லவோ ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான் கடலுக்குப் போகலாம்.